செனானும் சேர்ந்துவிட்டது

தம்பி,

கல்யாணப் பத்திரிகையோடு நீ வைத்திருந்த துண்டுத் தாளைப் பார்த்தேன். நலம் விசாரிப்பு இல்லை, ‘அன்புள்ள அம்மா’ இல்லை. “நீங்க வர்றீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்” என்று மட்டும் எழுதியிருந்தாய். சிங்கப்பூர்த் துறைமுக ஆபீசில் தந்தி அடித்து அடித்து உனக்குக் கடிதமும் தந்தி மாதிரியே வருகிறதோ என்னவோ. வாழ்நாள் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் கிடைக்காது. இது நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. நீ சின்ன வயதில் எத்தனை பாடத்தைப் பாதியில் விட்டு ஓடியிருக்கிறாய், இதையாவது முடி.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. மேசைமேல் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன. கால் வழக்கம்போல வீங்கியிருக்கிறது, முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெருக்கோடியில் உன் தேவகி வீட்டில் பந்தல் போட ஆள் வந்தாயிற்று, கம்பு நடுகிற சத்தம் இங்கே கேட்கிறது. வெள்ளிக்கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாலும் உன் கல்யாண மேளம் என் சமையலறைவரை வந்துவிடும். இந்தக் காஜா பேராங் தெருவில் அதுதான் வசதி, அதுதான் தொல்லை. நான் இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணமாகப்போகிற பிள்ளைக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்தது வேதியியல் ஒன்றுதான். சமையலைப் பற்றி நான் பேசினால் நீயே சிரிப்பாய். ஆகையால் நான் எங்கிருந்து தொடங்கினாலும் அணுவில்தான் வந்து நிற்பேன். இந்தக் கதையில் அணுவுக்கும் பங்கு இருக்கிறது, நீ மறந்திருக்க மாட்டாய்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு, எங்கள் பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார டீச்சர் ஊருக்குக் கப்பலேறினார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, இனி அந்த வகுப்பு உங்களுக்கு என்றார். எனக்குப் பெருமைதான். பண்டார் ஹிலிர்ப் பள்ளியிலிருந்து வீடு வரும்வரை திரிஷா சைக்கிள் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்கு வந்து புதுப் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் பெருமையெல்லாம் போய்விட்டது. நான் மதராசில் படித்த காலத்தில் அணு என்றால் நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக எலெக்ட்ரான்கள், அவ்வளவுதான். புதுப் புத்தகத்தில் அந்த வட்டங்களையே காணோம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் நான்கு எண்கள். குவாண்டம் எண்கள். எனக்குச் சொல்லித்தர மலாக்காவில் யாரும் இல்லை. நானே படித்து, நானே புரிந்துகொண்டு, மறுநாள் ரொம்ப நாளாகத் தெரிந்தவள் மாதிரி வகுப்பில் நிற்க வேண்டும்.

ஒத்திகை பார்க்க எனக்குக் கிடைத்தது நீயும் உன் அப்பாவும்தான். முன் கூடத்தில் சின்னப் பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உங்களுக்குப் பாடம் நடத்துவேன். அணு ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதல் எண், எலெக்ட்ரான் எந்த மாடியில் இருக்கிறது என்று சொல்லும். மாடி ஏற ஏறக் கருவிலிருந்து தூரம் அதிகம். இரண்டாவது எண் அறையின் வடிவம், உருண்டையா, இரட்டைக் குமிழா, அதைவிடச் சிக்கலானதா என்று. மூன்றாவது, அந்த அறை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது. நான்காவது, உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் சுழல்கிறார். ஓர் அணுவுக்குள் எந்த இரண்டு எலெக்ட்ரானுக்கும் நான்கு எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது. அதனால் ஓர் அறைக்கு இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் எதிர் எதிர்ப் பக்கம்தான் சுழல வேண்டும். இதைக் கேட்டதும் உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இதுக்கா புத்தகம் போட்டிருக்கான்? நம்ம வீட்டுக்கு வந்திருந்தா நேராவே பார்த்திருப்பானே” என்றார். உனக்கு அன்றைக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வருடம்தான் தேவகி என் வகுப்புக்கு வந்தாள். தெருக்கோடி வீட்டுப் பெண், மலாக்காச் செட்டிக் குடும்பம். இந்தத் தெருவிலேயே வளர்ந்தவனுக்கு நான் செட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் மதராசிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அவர்களைப் பார்த்துத் திகைத்துத்தான் போனேன். நெற்றியில் நம்மைப் போலத் திருநீறு, வீட்டில் நாம் கும்பிடுகிற அதே சாமி, ஆனால் பேச்சு முழுக்க மலாய், பெண்களுக்கு உடுப்பு சரோங்கும் கெபாயாவும். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த ஊரோடு கலந்துவிட்டவர்கள். கலந்துவிட்டவர்கள் என்று நான் அப்போதெல்லாம் சொன்ன தொனி உனக்கு நினைவிருக்கும்.

சாயங்காலம் பாடம் கேட்க அவள் நம் வீட்டுக்கு வருவாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஆங்கிலம் பாதி, மலாய் பாதி. நான் பேசிய மலாயைக் கேட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒரு நாளும் சிரித்ததில்லை. என்னை ‘சேகு’ என்பாள், மலாயில் டீச்சருக்கு அதுதான் சொல். அவள் வருகிற நாட்களில் எல்லாம் நீயும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாய். பள்ளிக்கூடம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பையனுக்குத் திடீரென்று எலெக்ட்ரான் மேல் எங்கிருந்து இவ்வளவு பக்தி என்று நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் பிள்ளைக்கு என் பாடம் பிடித்துவிட்டது என்று உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “ஆமா, ஆமா” என்றார். பி.ஏ. படித்தவள் என்று பெயர், பார்.

ஒரு நாள் மந்த வாயுக்களுக்கு வந்தோம். ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான். இவற்றின் வெளிக்கூடு நிறைந்திருக்கிறது, அதனால் யாரிடமும் எலெக்ட்ரானை வாங்காது, யாருக்கும் கொடுக்காது, யாரோடும் பங்கு போடாது, எதனோடும் சேராது என்று சொன்னேன். எனக்கு எப்போதும் பிடித்த பாடம் அது. தேவகி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்கானுக்கு நான் எழுதியிருந்த வரிசையில் விரலை வைத்து, “சேகு, பிலெக் கோசோங் அடா லாகி” என்றாள். இன்னும் காலி அறை இருக்கிறதே என்றாள். அவள் சொன்னது சரிதான். மூன்றாம் மாடியில் பதினெட்டுப் பேருக்கு இடம். ஆர்கானில் அங்கே இருப்பது எட்டே எட்டு. ‘டி’ என்கிற அறைகள் ஐந்தும் ஆளில்லாமல் கிடக்கின்றன. பிறகு எப்படி நிறைந்த கூடு என்று அவளுக்குச் சந்தேகம். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “புத்தகத்தில் நிறைந்தது என்றுதான் போட்டிருக்கிறது, எழுதிக்கொள்” என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அப்பா கண்ணை மூடினார். நீ சிங்கப்பூர் போனாய். தேவகி பயிற்சி முடித்து தெங்கேராப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனாள். போன வருடம் பொங்கலுக்கு வந்த நீ, சாப்பிட்ட இலையை மடிக்காமலே, “அம்மா, தேவகியக் கட்டிக்கலாம்னு இருக்கேன்” என்றாய். அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, உனக்கும் மனப்பாடமாக இருக்கும். ஆனால் ஒன்றைச் சொன்னேன். “நாம நிறைஞ்ச குடும்பம்டா. நியான் மாதிரி. நமக்கு யார்கிட்டயும் வாங்கவும் வேணாம், கொடுக்கவும் வேணாம்” என்றேன். வீட்டில் இருந்தது நானும் நீயும். நீயும் மறுநாள் பஸ் ஏறப்போகிறவன். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நிறைந்த குடும்பம் என்று சொன்னேன்.

நீ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அந்தப் பொண்ணு மேல என்ன குறை, அதச் சொல்லுங்க” என்றாய். “குறை ஒண்ணுமில்ல, தங்கமான பிள்ளைதான். தமிழ் இல்லையே. நாளைக்கு உன் பிள்ளை என்னை எந்த பாஷையில கூப்பிடும்?” என்றேன். நீ எழுந்து கை கழுவிவிட்டு வந்து, “எந்த பாஷையில கூப்பிட்டாலும் நீங்க திரும்பிப் பார்ப்பீங்களா, மாட்டீங்களா?” என்று கேட்டாய். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் நீ இந்த வீட்டுக்கு வரவில்லை. மலாக்காவுக்கு வந்தாய், எனக்குத் தெரியும். தெருக்கோடிவரை வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போவாய். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். நானும் சன்னலிலிருந்து பார்த்தேன்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. எங்கள் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர்களுக்கான ஒரு பத்திரிகை வரும். கப்பலில் மாதக்கணக்கில் தாமதமாகி, ஓரமெல்லாம் ஈரம் பட்டு வரும், யாரும் பிரிக்க மாட்டார்கள். போன வருடக் கடைசியில் ஒரு நாள், ஆசிரியர் அறையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிறவரை சும்மா நிற்க வேண்டாமே என்று அதை எடுத்துப் புரட்டினேன். எங்கேயோ குளிர் நாட்டில் ஒரு ஆய்வுக்கூடத்தில் செனான் இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது என்று போட்டிருந்தது. ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரு திடப்பொருள். அதைப் பார்க்கப் பெரிய கருவிகூட வேண்டியிருக்கவில்லையாம், கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். நான் நின்றபடியே முதலிலிருந்து மறுபடி படித்தேன். தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. எத்தனை வருடமாக, எத்தனை பெண்களுக்கு, ‘எதனோடும் சேராது’ என்று எழுதிப்போட்டு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அடுத்த மணி ஆறாம் படிவம். பேசாமல் விட்டிருக்கலாம். பாடத்திட்டம் மாறவில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் உள்ளே போனதும் நானே சொல்லிவிட்டேன். சென்ற வாரம் நான் சொன்னது தப்பு, செனான் சேரும் என்றேன்.  முன் வரிசையில் உட்காரும் சீனப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, “அப்படியானால் பரீட்சையில் என்ன எழுத வேண்டும், டீச்சர்?” என்று கேட்டாள். அவளுக்கு அவள் கவலை. பரீட்சை முடியும்வரை புத்தகத்தில் இருப்பதை எழுது, முடிந்த பிறகு உள்ளதை நினைவில் வைத்துக்கொள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு நடக்கும்போது நான் உட்கார்ந்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

இப்போது உனக்கு ஒரு நினைப்பு ஓடும், எனக்குத் தெரியும். செனானைப் பார்த்து அம்மா திருந்திவிட்டாள் என்று தேவகியிடம் சொல்லிச் சிரிக்கப்போகிறாய். அப்படி இல்லை. அணுக்கள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, அவற்றுக்குப் பெருமையும் கிடையாது, பாசமும் கிடையாது. அணுவைக் காட்டி மனிதர்களுக்குப் புத்தி சொல்கிற டீச்சர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நியான் என்று வாயை விட்டவளும் நான்தான், அது வேறு விஷயம். செனானுக்கு ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை, தம்பி. நியானில் வெளியே இருக்கிற எலெக்ட்ரான்கள் இரண்டாம் மாடியில், கருவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பிடி இறுக்கம். செனானில் அவை ஐந்தாம் மாடியில். கருவிலிருந்து அவ்வளவு தூரம், நடுவில் அத்தனை கூட்டம், பிடி தளர்ந்துபோகிறது. எலெக்ட்ரானைப் பறிக்கிற பலமுள்ள ஒன்று பக்கத்தில் வந்ததும் விட்டுக்கொடுத்துவிட்டது. இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. எனக்கும் அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பிடித்துவைத்திருக்கக் கை வலிக்கிறது.

பறிக்கிற பலமுள்ளது எது என்று கேட்பாயானால், தேவகியின் அம்மா. போன வாரம் மழையோடு மழையாக வந்தார். கெபாயா நனைந்து, தாம்பாளத்தை தோள் துணியால் மூடிக்கொண்டு, வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நான் வாருங்கள் என்று சொல்லக் காத்திருக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். தாம்பாளத்தை என் பரீட்சைத் தாள்களின் மேலேயே வைத்தார். “சேகு மெஸ்தி டாத்தாங். டுடோக் டெப்பான்” என்றார். கட்டாயம் வர வேண்டும், முன்னால் உட்கார வேண்டும் என்று. நான் தயாராக வைத்திருந்த காரணத்தைச் சொன்னேன். எங்கள் பக்கம் புருஷன் போனவள் மணவறைக்கு முன்னால் வந்து நிற்பதில்லை, இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்ணுகிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நல்ல காரணம். ஊரில் யாரும் குறை சொல்ல முடியாத காரணம்.  அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “லாக்கி யாங் மாத்தி, புக்கான் மாக்” என்றார். செத்தது புருஷன்தானே, அம்மா சாகவில்லையே என்றார்.

அவர் கையை விடவில்லை. என் மணிக்கட்டை இப்படிப் பிடித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தேன். தலைவலிக்குத் தைலம் தேய்க்கிற உன் அப்பாவின் கைக்குப் பிறகு என்னை யாரும் தொட்டதில்லை. டாக்டர் தொட்டது கணக்கில்லை. “தெங்கோக் லா” என்றேன். பார்க்கலாம் என்றுதான் அதற்கு அர்த்தம், வருகிறேன் என்று இல்லை. ஆனால் அது போதும் என்பதுபோல அவர் எழுந்து போய்விட்டார். அவர் உட்கார்ந்த நாற்காலி ஈரமாக இருந்தது. நான் அதைத் துடைக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உன் அறை காலி. உன் அப்பா படுத்திருந்த அறை காலி. சாமான் அறையில்கூடச் சாமான் இல்லை. உனக்குச் சொல்லித்தந்த விதி ஒன்று நினைவிருக்கிறதா? ஒரே மாதிரி அறைகள் சில காலியாக இருந்தால் எலெக்ட்ரான்கள் ஜோடி சேராது. அறைக்கு ஒன்றாகத் தனித்தனியே போய் இருக்கும். இடம் தீர்ந்த பிறகுதான் இரண்டாவது ஆள் உள்ளே வரும். எனக்கு இந்த வீட்டில் இடம் ரொம்ப அதிகம், தம்பி. அதுதான் எனக்குக் கெடுதல்.

புத்தி சொல்கிறேன் என்றேன் இல்லையா, மறந்துவிட்டேன். அவளை உட்காரவைத்துத் தமிழ் படிக்கச் சொல்லாதே. உன் வாயிலிருந்து காதில் விழுந்து விழுந்து வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அவளும் அவள் அம்மாவும் அவர்கள் மலாயில் வேகமாகப் பேசிச் சிரிக்கும்போது, ‘என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அநேகமாக உன்னைப் பற்றித்தான் பேசுவார்கள், அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகு. சண்டை வரும். நீ ஒரு பக்கம் சுழலுவாய், அவள் மறு பக்கம் சுழலுவாள். அதைப் பார்த்து, தப்பான இடத்தில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று பயப்படாதே. உன் அப்பாவும் நானும் ஒரு நாளும் ஒரே பக்கம் சுழன்றதில்லை. ஆனால் அவர் இருந்தவரை அந்த அறையை விட்டு நான் போக நினைத்ததும் இல்லை. இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடு.

நான் வருகிறேன். பச்சைக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டு வருவேன், அது உன் அப்பா வாங்கித் தந்தது. முன்னால்தான் உட்காருவேன். தரையில் உட்கார முடியாது, கால் மடங்காது, ஒரு நாற்காலி போடச் சொல். யாராவது முகம் சுளித்தால் தேவகியின் அம்மா பார்த்துக்கொள்வார், அவர் கைப்பிடி எனக்குத் தெரியும்.

தேவகியிடம் ஒரு விஷயம் சொல். அன்றைக்கு அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆர்கானில் அந்த அறைகள் காலியாகத்தான் இருக்கின்றன, செனானிலும் இருக்கின்றன. எட்டுப் பேர் சேர்ந்ததும் அணு அடங்கி இருக்கிறது, அதைப் பார்த்து நாம்தான் நிறைந்தது என்று பெயர் வைத்துவிட்டோம். அவள் அதை எழுதிக்கொண்டிருந்தால் அடித்துவிடச் சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னைச் சேகு என்று கூப்பிட வேண்டாம். வேறு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், எந்த பாஷையில் வேண்டுமானாலும் கூப்பிடட்டும். நான் திரும்பிப் பார்ப்பேன்.

அம்மா